சேலத்தில் ஓடும் ஜாவா கிளையன்ட் ஏற்காட்டில் ஏன் நிற்கிறது? ராம்பார்ட் மாட்யூல் ஏறாதபோது பார்க்க வேண்டியவை

ஃபேர்லேண்ட்ஸிலோ ஜாகீர் அம்மாபாளையம் ஐ.டி. பூங்காவிலோ உட்கார்ந்து எழுதிய கிளையன்ட், எக்லிப்ஸில் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். அதையே ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் அலுவலகக் கணினியிலோ, செவ்வாய்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரியின் கணினியிலோ நிறுவியதும், பாதுகாப்பான சோப் சேவையை (எக்ஸ்எம்எல் செய்திகளால் பேசும் வெப் சர்வீஸை) அழைக்கும் முதல் அழைப்பிலேயே விழுந்துவிடும். அந்த அழைப்பை நடத்துவது அப்பாச்சியின் ஆக்சிஸ்2 என்ற ஜாவா நூலகம்; செய்திக்குப் பாதுகாப்பு சேர்ப்பது ராம்பார்ட் என்ற அதன் மாட்யூல், அதாவது கூடுதல் பகுதி. லாகைத் திறந்தால் ஒரே வரி நிற்கும்: “அனேபிள் டு எங்கேஜ் மாட்யூல் : ராம்பார்ட்”.

இந்த வரியைப் பார்த்ததும் பலர் பாலிசி கோப்பை (செய்திக்கு என்ன பாதுகாப்பு வேண்டும் என்று சொல்லும் கோப்பை) திருத்துகிறார்கள், சான்றிதழை மாற்றுகிறார்கள், கடவுச்சொல்லைச் சந்தேகிக்கிறார்கள். இவை எதற்கும் இந்த எர்ரரோடு தொடர்பு இல்லை. ராம்பார்ட் என்ற பெயரில் ஒரு மாட்யூல் ஆக்சிஸ்2-இன் பட்டியலில் இல்லை என்பது மட்டுமே இதன் பொருள். பாலிசியைப் படிக்கும் கட்டத்துக்கு நிரல் இன்னும் போகவே இல்லை. ஆகவே முதலில் கோப்பு கிடைத்ததா என்று பாருங்கள். அடுத்து, கிடைத்த கோப்பு ஏறியதா. கடைசியாக, செய்தியை அனுப்பும் ஆப்ஜெக்டில் அது பூட்டப்பட்டதா, அதாவது ‘எங்கேஜ்’ ஆனதா. இந்த வரிசையை மாற்றினால் ஒரு நாள் வீணாகும்.

இங்கே சொல்பவை ஆக்சிஸ்2-இன் 1.6, 1.7 வரிசைகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. பழைய கிளையன்ட்கள் இன்றும் பெரும்பாலும் இவற்றில்தான் ஓடுகின்றன.

மாட்யூல் எங்கே இருக்க வேண்டும்

ஆக்சிஸ்2-இல் மாட்யூல் என்பது ‘மார்’ என்ற பின்னொட்டோடு வரும் ஒரு ஜிப் கோப்பு. அதற்குள் மெட்டா-இன்ஃப் ஃபோல்டரில் மாட்யூல்.எக்ஸ்எம்எல் இருக்கும். ரெபாசிட்டரி என்று நாம் கொடுக்கும் ஃபோல்டருக்குள் ‘மாட்யூல்ஸ்’ என்ற துணை ஃபோல்டர் இருக்க வேண்டும். அதற்குள் ராம்பார்ட், ரஹாஸ், அட்ரஸிங் ஆகிய மூன்று மார் கோப்புகளும் இருக்கட்டும். அட்ரஸிங் ஆக்சிஸ்2-ஓடு வருவது. மற்ற இரண்டும் ராம்பார்ட் தொகுப்பில் வருபவை.

அடிக்கடி நடக்கும் பிழை, ரெபாசிட்டரி பாத்தாக ‘மாட்யூல்ஸ்’ ஃபோல்டரையே கொடுத்துவிடுவது. கொடுக்க வேண்டியது அதன் தாய் ஃபோல்டர். மாற்றிக் கொடுத்தால் ஆக்சிஸ்2 அந்த ஃபோல்டருக்குள் இன்னொரு ‘மாட்யூல்ஸ்’ ஃபோல்டரைத் தேடும், கிடைக்காது, “நோ மாட்யூல்ஸ் டைரக்டரி வாஸ் ஃபவுண்ட்” என்று இன்ஃபோ நிலையில் ஒரு வரி எழுதிவிட்டு மேலே போய்விடும். லாக் நிலை ‘வார்ன்’ என்று வைத்திருந்தால் அந்த வரி கண்ணில் படவே படாது. லினக்ஸ் சர்வராக இருந்தால் ஃபோல்டர் பெயர் முழுக்கச் சிறிய எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். விண்டோஸில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பொருட்டில்லை என்பதால் அங்கே ஓடியது லினக்ஸில் ஓடாமல் போகும்.

அடுத்தது ரிலேட்டிவ் பாத். ‘ரெபோ’ என்று மட்டும் எழுதியிருந்தால், எக்லிப்ஸில் அது புராஜெக்ட் ஃபோல்டரிலிருந்து தொடங்கும். அதே நிரலை விண்டோஸ் சர்வீஸாக நிறுவினால், ஒர்க்கிங் டைரக்டரி பெரும்பாலும் விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டராக இருக்கும். டாம்கேட்டில் என்றால் அதன் ‘பின்’ ஃபோல்டராக இருக்கலாம். சேலத்தில் ஓடி மலையில் நின்றுபோவதற்கு நாங்கள் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். நிரல் தொடங்கும்போது அந்த பாத்தை ஃபைல் ஆப்ஜெக்டாக்கி, அதன் கெனானிக்கல் பாத்தை லாகில் ஒரு வரியாக எழுத வையுங்கள். ஊகிக்க வேண்டிய தேவையே இராது. முழு பாத்தை ஒரு ப்ராப்பர்டி கோப்பிலிருந்து படிப்பது இன்னும் நல்லது. நிறுவப் போகிறவர் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றினால் போதும்.

மார் கோப்பையே கிளாஸ்பாத்தில் போட்டால் ஆக்சிஸ்2 தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும் என்று சொல்வார்கள். ஜாவா 8 வரை அப்படி நடந்ததுண்டு. அந்தத் தேடலில் ஒரு பகுதி, கிளாஸ் லோடர் ‘யூஆர்எல் கிளாஸ் லோடர்’ வகையைச் சேர்ந்ததாக இருக்கிறதா என்று பார்த்து, அதன் பட்டியலிலிருந்து மார் கோப்புகளைப் பொறுக்குகிறது. ஜாவா 9 முதல் நிரலின் இயல்பான கிளாஸ் லோடர் அந்த வகையைச் சேர்ந்தது அல்ல. எனவே ஜாவா 8 இருந்த கணினியில் ஓடியது, ஜாவா 11 போட்டதும் நிற்கலாம். இந்த வழியை நம்ப வேண்டாம். ரெபாசிட்டரியை வெளிப்படையாகக் கொடுப்பதே பாதுகாப்பு.

ஒரே ஜாராகக் கட்டுபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஜாவா நிரலைக் கட்டும் கருவியான மேவனின் ஷேட் போன்ற பிளகின் எல்லாவற்றையும் உடைத்து ஒரே ஜாரில் கொட்டும். ராம்பார்ட், ரஹாஸ், அட்ரஸிங் மூன்றிலுமே மெட்டா-இன்ஃப்-க்குள் மாட்யூல்.எக்ஸ்எம்எல் என்ற ஒரே பெயர்தான். கொட்டியபின் ஒன்று மட்டுமே மிஞ்சும், மற்றவை அதன் அடியில் அழிந்துபோகும். எது மிஞ்சும் என்பது டிபெண்டன்சி (நிரலுக்கு வேண்டிய வெளி நூலகங்கள்) எழுதிய வரிசையைப் பொறுத்தது. அட்ரஸிங் ஏறுகிறது, ராம்பார்ட் மட்டும் ஏறவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள். மார் கோப்புகளை ஜாருக்கு வெளியே தனி ஃபோல்டரில் வைத்து அனுப்புவதுதான் தீர்வு.

ரெபாசிட்டரியை ஃபைல் சிஸ்டத்திலிருந்து படிக்காமல் யூஆர்எல் மூலம் படிக்கிறீர்கள் என்றால், ‘மாட்யூல்ஸ்’ ஃபோல்டருக்குள் மாட்யூல்ஸ்.லிஸ்ட் என்று ஒரு கோப்பு வேண்டும். ஒவ்வொரு வரியிலும் ஒரு மார் கோப்பின் பெயர். யூஆர்எல் வழியாக ஒரு ஃபோல்டருக்குள் என்னென்ன இருக்கின்றன என்று பார்க்க முடியாது என்பதால்தான் இந்தப் பட்டியல்.

கோப்பு நல்ல கோப்புதானா

மேவனில் ராம்பார்ட் டிபெண்டன்சி எழுதும்போது ‘டைப்’ என்ற இடத்தில் ‘மார்’ என்று குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால் மேவன் ஜாரைத் தேடும், கிடைக்கவில்லை என்று சொல்லும். அந்த எர்ரரை நிறுத்த ராம்பார்ட்-கோர் ஜாரை மட்டும் சேர்த்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கம்பைல் ஆகும், ஓடும்போது மாட்யூல் இராது. மார் கோப்புகளை ரெபாசிட்டரி ஃபோல்டருக்குக் கொண்டுபோக மேவன் டிபெண்டன்சி பிளகினின் ‘காப்பி’ வேலையைப் பயன்படுத்தலாம். ஆக்சிஸ்2-க்கென்றே ‘ஆக்சிஸ்2-ரெபோ-மேவன்-பிளகின்’ இருக்கிறது. அது ஃபோல்டர் அமைப்பையும் சேர்த்தே உருவாக்கித் தரும். புதிதாகத் தொடங்குபவர்கள் இதையே எடுத்துக்கொள்ளலாம்.

மலைமேல் இணைப்பு விட்டுவிட்டு வரும் இடத்தில் கோப்பைப் பதிவிறக்கினால், மார் என்ற பெயரில் ஒரு எச்டிஎம்எல் பிழைப் பக்கமோ, பாதியில் அறுந்த ஜிப்போ சேமிக்கப்பட்டிருக்கும். ஜேடிகே-யோடு வரும் ‘ஜார்’ கட்டளையை ‘டிஎஃப்’ என்ற தெரிவோடு அந்தக் கோப்பின் மேல் ஓட்டுங்கள். பட்டியலில் மாட்யூல்.எக்ஸ்எம்எல் வர வேண்டும். வராவிட்டால் கோப்பைத் தூக்கிப்போட்டு, சேலத்திலேயே எடுத்து, பென் டிரைவில் கொண்டுபோங்கள். உலாவி சேர்த்துவிடும் அடைப்புக்குறி எண்ணோடு, அதாவது இரண்டாம் முறை இறக்கியபோது பெயரின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் ‘1’ என்பதோடு, கோப்பை அப்படியே வைக்காதீர்கள். ஆக்சிஸ்2 கோப்புப் பெயரிலிருந்து மாட்யூலின் பெயரையும் பதிப்பையும் பிரித்தெடுக்கிறது. பெயர் குழம்பினால் பதிப்பும் குழம்பும். ஒரே மாட்யூலின் இரண்டு பதிப்புகளையும் அந்த ஃபோல்டரில் விட்டுவைக்க வேண்டாம்.

லாகில் எதைத் தேடுவது

‘ஆர்க்.அப்பாச்சி.ஆக்சிஸ்2.டிப்ளாய்மென்ட்’ என்ற லாகரை இன்ஃபோ நிலைக்குக் கொண்டுவாருங்கள். நல்லபடியாக ஏறும் ஒவ்வொரு மாட்யூலுக்கும் “டிப்ளாயிங் மாட்யூல்” என்று தொடங்கி, பெயர், பதிப்பு, ஒரு கோடு, பிறகு கோப்பின் முழு பாத் என ஒரு வரி வரும். அட்ரஸிங், ராம்பார்ட், ரஹாஸ் மூன்றுக்கும் மூன்று வரிகள். வரியே இல்லையென்றால் கோப்பு கிடைக்கவில்லை. மேலே சொன்னவற்றுக்குத் திரும்புங்கள். வரியில் நீங்கள் எதிர்பார்க்காத பாத் இருந்தால், வேறெங்கோ கிடக்கும் பழைய ரெபாசிட்டரி எடுக்கப்படுகிறது என்று பொருள். ‘ஆக்சிஸ்2.ரெபோ’ என்ற சிஸ்டம் ப்ராப்பர்டியை யாராவது கணினியில் நிரந்தரமாக அமைத்துவிட்டார்களா என்று பாருங்கள்.

லாகை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. கான்ஃபிகரேஷன் கான்டெக்ஸ்ட்டிலிருந்து (ரெபாசிட்டரியைப் படித்து ஆக்சிஸ்2 உருவாக்கும் ஆப்ஜெக்டிலிருந்து) ஆக்சிஸ் கான்ஃபிகரேஷனை எடுத்து, ‘கெட் மாட்யூல்ஸ்’ மெத்தடை அழைத்தால் ஏறிய மாட்யூல்களின் பட்டியல் கிடைக்கும். அதன் பக்கத்திலேயே ‘கெட் ஃபால்ட்டி மாட்யூல்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை, ஆனால் இந்த விஷயத்தில் இதைவிடப் பயனுள்ள மெத்தட் வேறில்லை. கோப்பு கிடைத்து, ஏறும்போது விழுந்த மாட்யூல்களின் பெயரும், விழுந்ததற்கான முழு ஸ்டாக் ட்ரேஸும் அதில் இருக்கும். நிரல் தொடங்கும் இடத்தில் இந்த இரண்டு பட்டியல்களையும் லாகில் எழுத வையுங்கள். ராம்பார்ட் முதல் பட்டியலில் இல்லையென்றால் அங்கேயே நிரலை நிறுத்திவிடுங்கள். எஸ்டேட்டிலிருந்து மாலை லோடு ஏற்றிய பிறகு விவரம் போகவில்லை என்று தெரிவதைவிட, காலையில் நிரல் தொடங்காமல் நிற்பது மேல்.

கிடைத்தும் ஏறவில்லை என்றால்

ஃபால்ட்டி பட்டியலில் ‘ஆர்க்.அப்பாச்சி.ராம்பார்ட்.ராம்பார்ட்’ கிளாஸ் கிடைக்கவில்லை என்று வந்தால், மார் கோப்பு மட்டும் இருக்கிறது, ஜார்கள் இல்லை. ராம்பார்ட்டைப் பொறுத்தவரை மார் என்பது ஏறக்குறைய ஓர் அறிமுகச் சீட்டுதான். உண்மையான வேலையைச் செய்யும் ராம்பார்ட்-கோர், ராம்பார்ட்-பாலிசி, ராம்பார்ட்-ட்ரஸ்ட் ஆகிய ஜார்களும், அவை சார்ந்திருக்கும் டபிள்யூஎஸ்எஸ்4ஜே, எக்ஸ்எம்எல்செக், ஓப்பன்சாம்ல் ஆகியவையும் கிளாஸ்பாத்தில் இருக்க வேண்டும். ராம்பார்ட் தொகுப்பின் ‘லிப்’ ஃபோல்டரில் இருப்பவை எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கும் வேலை வேண்டாம்.

‘ஆர்க்.அப்பாச்சி.டபிள்யூஎஸ்.செக்யூரிட்டி’ என்று தொடங்கும் கிளாஸ் இல்லை என்று வருகிறது, ஆனால் டபிள்யூஎஸ்எஸ்4ஜே ஜார் கண்ணெதிரே இருக்கிறது என்றால், அதன் பதிப்பைப் பாருங்கள். டபிள்யூஎஸ்எஸ்4ஜே 2-இல் பேக்கேஜ் பெயரே ‘ஆர்க்.அப்பாச்சி.டபிள்யூஎஸ்எஸ்4ஜே’ என்று மாறிவிட்டது. ராம்பார்ட் 1.6-க்கு வேண்டியது டபிள்யூஎஸ்எஸ்4ஜே 1.6. அதே புராஜெக்டில் சிஎக்ஸ்எஃப், ஸ்பிரிங் வெப் சர்வீசஸ் போன்ற வேறு வெப் சர்வீஸ் நூலகம் இருந்தால் அது புதிய பதிப்பை இழுத்து வந்திருக்கும். மேவனின் டிபெண்டன்சி ட்ரீயைப் பார்த்தால் யார் இழுத்தது என்று தெரிந்துவிடும்.

‘நோ சச் மெத்தட் எர்ரர்’, ‘அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் எர்ரர்’ இரண்டும் பதிப்புப் பொருத்தமின்மைக்கு அடையாளம். ஆக்சிஸ்2 1.6 என்றால் ராம்பார்ட் 1.6, 1.7 என்றால் 1.7. ஆக்சிஸ்2-ஐ மட்டும் புதிய பதிப்புக்கு மாற்றிவிட்டு மார் கோப்பைப் பழையதாகவே விட்டிருப்பார்கள். ஜாவாவை ‘வெர்போஸ்:கிளாஸ்’ தெரிவோடு ஓட்டினால் ஒவ்வொரு கிளாஸும் எந்த ஜாரிலிருந்து வந்தது என்று எழுதும். வெளியீடு மிக நீளமாக வரும். ஒரு கோப்புக்குத் திருப்பி, எர்ரரில் வந்த கிளாஸின் பெயரை மட்டும் தேடுங்கள். அப்ளிகேஷன் சர்வர் தன் சொந்த எக்ஸ்எம்எல்செக் ஜாரை முன்னால் நுழைத்திருப்பது இப்படித்தான் பிடிபடும்.

‘ஜாவாஎக்ஸ்.ஆக்டிவேஷன்.டேட்டா ஹேண்ட்லர்’ அல்லது ‘ஜாவாஎக்ஸ்.எக்ஸ்எம்எல்.பைண்ட்’ இல்லை என்று வந்தால் குற்றம் ராம்பார்ட்டில் இல்லை. 2018 செப்டம்பரில் வந்த ஜாவா 11 இவற்றை ஜேடிகே-யிலிருந்தே எடுத்துவிட்டது. இரண்டையும் தனி டிபெண்டன்சியாகச் சேர்க்க வேண்டும். ‘ஜகார்த்தா’ என்று தொடங்கும் புதிய பேக்கேஜ் கொண்ட பதிப்பைச் சேர்த்தால் பயனில்லை. ‘ஜாவாஎக்ஸ்’ பேக்கேஜ் கொண்ட பழைய வரிசையையே எடுங்கள்.

“செக்யூரிட்டி” என்ற ஃபேஸ் (செய்தி கடந்துபோகும் ஒரு கட்டம்) கிடைக்கவில்லை என்று வரும் எர்ரர், கைவேலையாகத் திருத்திய ஆக்சிஸ்2.எக்ஸ்எம்எல் இருக்கும் இடங்களில் வரும். வேகத்துக்காகத் தேவையில்லாதவற்றை நீக்கும்போது ஃபேஸ் ஆர்டர் பகுதியிலிருந்து அதையும் நீக்கியிருப்பார்கள். இன்ஃப்ளோ, அவுட்ஃப்ளோ, இரண்டு ஃபால்ட் ஃப்ளோ என நான்கிலும் அது இருக்க வேண்டும். கான்டெக்ஸ்ட் உருவாக்கும்போது ஆக்சிஸ்2.எக்ஸ்எம்எல் பாத்துக்கு ‘நல்’ கொடுத்தால், ரெபாசிட்டரியின் ‘கான்ஃப்’ ஃபோல்டரில் அந்தக் கோப்பு இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் ஆக்சிஸ்2 தன் கெர்னல் ஜாருக்குள் இருக்கும் இயல்புக் கோப்பை எடுத்துக்கொள்ளும். வேறு காரணம் இல்லாதவரை கிளையன்ட்டுக்கு அதுவே போதும்.

ஏறியும் வேலை செய்யவில்லை என்றால்

பட்டியலில் ராம்பார்ட் இருக்கிறது, ஃபால்ட்டி பட்டியல் காலி, ஆனாலும் அதே “அனேபிள் டு எங்கேஜ்” வருகிறதா? இந்த இடத்தில்தான் அனுபவமுள்ளவர்களும் தடுமாறுகிறார்கள். டபிள்யூஎஸ்டிஎல்2ஜாவா கருவி உருவாக்கித் தரும், சேவையை அழைக்கும் கிளாஸான ஸ்டப்புக்குப் பல கன்ஸ்ட்ரக்டர்கள் உண்டு. முகவரியை மட்டும் வாங்கும் கன்ஸ்ட்ரக்டர் தனக்கென்று ஒரு புதிய கான்டெக்ஸ்ட்டை, நீங்கள் சொன்ன ரெபாசிட்டரியைப் பாராமலே, உள்ளுக்குள் உருவாக்கிக்கொள்ளும். மேலே அழகாக உருவாக்கிய உங்கள் கான்டெக்ஸ்ட் பயன்படாமல் கிடக்கும். கான்டெக்ஸ்ட்டை முதல் ஆர்க்யுமென்டாகவும் முகவரியை இரண்டாவதாகவும் வாங்கும் கன்ஸ்ட்ரக்டரை அழையுங்கள். பட்டியலை எடுத்துப் பார்ப்பதையும் ஸ்டப்பின் சர்வீஸ் கிளையன்ட்டிலிருந்தே எடுங்கள். அதுதான் செய்தியை அனுப்பப் போகும் ஆப்ஜெக்ட்.

கான்டெக்ஸ்ட்டை நிரலுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாக உருவாக்கினால் ஒவ்வொரு முறையும் மாட்யூல்களை மறுபடி ஏற்றும், தற்காலிக ஃபோல்டரில் கோப்புகளைச் சேர்த்துக்கொண்டே போகும். சிறிய டிஸ்க் உள்ள பழைய கணினியில் சில வாரங்களில் இடம் தீர்ந்து, அன்றுவரை ஓடிய மாட்யூல் அன்று ஏறாமல் நிற்கும். அந்தத் தற்காலிக ஃபோல்டரில் எழுதும் உரிமை சர்வீஸ் ஓடும் பயனருக்கு இருக்க வேண்டும் என்பதையும் நிறுவும்போதே பார்த்துவிடுங்கள்.

எர்ரர் எதுவுமே வராமல், எதிர்ப்பக்கம் மட்டும் செக்யூரிட்டி ஹெடர் இல்லை என்று திருப்பி அனுப்புகிறது என்றால் பாலிசி சேரவில்லை. ராம்பார்ட் பூட்டப்பட்டிருந்தும் பாலிசி கொடுக்கப்படாவிட்டால் அது முணுமுணுக்காமல் செய்தியை அப்படியே விட்டுவிடும். ஆப்ஷன்ஸில் ‘ராம்பார்ட் மெசேஜ் டேட்டா’ கிளாஸின் ‘கீ ராம்பார்ட் பாலிசி’ என்ற கீயோடு பாலிசி ஆப்ஜெக்டை அமைத்தீர்களா, அழைப்புக்கு முன் அமைத்தீர்களா என்று பாருங்கள். பாலிசிக்குள் ராம்பார்ட் கான்ஃபிக் பகுதி வேண்டும். பயனர் பெயர், கடவுச்சொல் கால்பேக் கிளாஸ், கீஸ்டோர் பாத் ஆகியவை அதில்தான் வரும். அந்தக் கீஸ்டோர் பாத்துக்கும் முழு பாத் விதி பொருந்தும்.

இன்னொரு அடையாளம்: போன செய்தியை எதிர்ப்பக்கம் ஏற்றுக்கொண்டு, பதில் வரும்போது “மஸ்ட் அண்டர்ஸ்டாண்ட் செக் ஃபெயில்ட்” என்று விழுவது. பதிலில் வந்த செக்யூரிட்டி ஹெடரைப் படிக்க இந்தப் பக்கம் ஆள் இல்லை என்று பொருள். செக்யூரிட்டி ஹெடரைக் கையாலேயே எழுதிச் சேர்த்த கிளையன்ட்களில் இதை நிறையப் பார்க்கலாம். அனுப்புவதற்கு அந்தக் குறுக்குவழி போதும், வாங்குவதற்குப் போதாது. ராம்பார்ட்டை முறையாகப் பூட்டுவதே வழி.

“பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்ட்” என்பது மாட்யூல் சங்கதி அல்ல. அது டிஎல்எஸ் இணைப்பின் ட்ரஸ்ட்ஸ்டோர் (நம்பும் சான்றிதழ்களை வைத்திருக்கும் கோப்பு) சங்கதி. “இல்லீகல் கீ சைஸ்” என்பதும் அப்படித்தான்: ஜாவா 8-இன் 161-வது அப்டேட்டுக்கு முந்தைய பதிப்புகளில் 256 பிட் ஏஇஎஸ் இயல்பாகத் திறந்திருக்காது. ஜாவாவை அப்டேட் செய்தால் சரியாகும்.

மலைமேல் கடைசியாக ஒன்றைப் பார்க்காமல் இறங்கக் கூடாது: கணினியின் கடிகாரம். ராம்பார்ட் டைம்ஸ்டாம்பை யூடிசி நேரத்தில் எழுதும். செய்திக்கு இயல்பான ஆயுள் 300 விநாடி. மின்வெட்டு அதிகமுள்ள இடத்தில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்த பழைய கணினி ஒவ்வொரு முறை எழும்போதும் பழைய தேதிக்குப் போகும். அதைச் சரிசெய்ய யாராவது மணியைக் கையால் மாற்றி, டைம் ஸோனை யூடிசி-யிலேயே விட்டிருந்தால், திரையில் நேரம் சரியாகத் தெரியும், செய்தியில் ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும். எதிர்ப்பக்கம் அதை எதிர்காலத்துச் செய்தி என்று தள்ளிவிடும். டைம் ஸோனை இந்திய நேரமாக்கி, நேரத்தை இணையத்திலிருந்து எடுக்கும்படி அமைத்து, பேட்டரியை மாற்றிவிடுங்கள். மதர்போர்டுகளில் பெரும்பாலும் இருப்பது சிஆர்2032. ஏற்காட்டில் தேடி அலையாமல், சேலத்திலிருந்து புறப்படும்போதே ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம்.